தசை இறுகும் குதிரைக்கு எந்தப் புல், எவ்வளவு?

உழைக்கும்போது குதிரையின் தசைநார்கள் இறுகிச் சிதையும் நோய்க்கு லாயங்களில் ‘டையிங் அப்’ என்று பெயர். பயிற்சி தொடங்கிய கால் மணி, அரை மணி நேரத்துக்குள் நடை குறுகும், பின்னங்கால்கள் விறைக்கும், செய்த வேலைக்குப் பொருந்தாத அளவில் வியர்வை கொட்டும். முதுகிலும் பிட்டத்திலும் கை வைத்துப் பார்த்தால் தசை பலகைபோல் கெட்டிப்பட்டிருக்கும். அடி எடுத்து வைக்கவே குதிரை மறுக்கும். முற்றிய நிலையில் சிறுநீர் காப்பி நிறத்தில் இறங்கும். சிதைந்த தசையிலிருந்து கசியும் மயோகுளோபின் என்ற புரதம்தான் அந்த நிறத்தைத் தருகிறது. அது மிகுந்தால் சிறுநீரகமும் கெடும்.

அப்படிப்பட்ட நேரத்தில் குதிரையை நடத்திப் பார்க்கக் கூடாது. இருக்கும் இடத்திலேயே நிறுத்தி, குடிக்கத் தண்ணீர் வைத்து, தானியத்தை அகற்றிவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். அவர் வலியைத் தணித்து, இழந்த நீர்ச்சத்தை ஈடுகட்டுவார். ஆனால் நோய் திரும்பத் திரும்ப வராமல் காப்பவை வேறு இரண்டு: தீவனத் தொட்டியில் என்ன விழுகிறது என்பதும், குதிரை ஒரு நாளில் எவ்வளவு நேரம் நடமாடுகிறது என்பதும். மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கு போன்ற வெப்பமண்டல நகர்ப்புறத்தில் இவற்றுக்கான விடை ஐரோப்பிய, அமெரிக்கக் கையேடுகளில் உள்ளதிலிருந்து சற்று மாறுபடும். அங்கே முதல் சந்தேகம் மேய்ச்சல் புல்லின்மீது விழுகிறது. இங்கே அது மூட்டையில் வரும் தீவனத்தின்மீது விழ வேண்டும்.

ஒரே அறிகுறி, வேறு வேறு காரணம்

திரும்பத் திரும்பத் தசை இறுகும் குதிரைகளில் இரண்டு வகை நோய்கள் முக்கியமானவை. முதலாவது, பாலிசாக்கரைட் சேமிப்புத் தசைநோய், சுருக்கமாக பி.எஸ்.எஸ்.எம். அமெரிக்கக் கால்நடை ஆய்வாளர் ஸ்டெஃபனி வால்பெர்க்கும் அவருடைய குழுவினரும் 1992இல் குவார்ட்டர் ஹார்ஸ் இனக் குதிரைகளில் இதை விவரித்தார்கள். ஜிஒய்எஸ்1 என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றமே காரணம் என்பது 2008இல் தெரிய வந்தது. தசைக்குள் சர்க்கரையைக் கோத்து கிளைகோஜனாகச் சேமித்து வைக்கும் நொதி ஒன்று உண்டு. தேவையானபோது வேலை செய்து, தேவை முடிந்ததும் அடங்குவது அதன் இயல்பு. மரபணு மாறிய குதிரையில் அது அடங்குவதில்லை. தானியம் தின்றதும் இரத்தத்தில் சர்க்கரை ஏறும். அதையொட்டி இன்சுலின் சுரக்கும். இன்சுலின் அந்த நொதியை மேலும் முடுக்கிவிடும். தசையில் கிளைகோஜன் குவிந்துகொண்டே போகும். ஆனால் ஓடும் நேரத்தில் அந்தச் சேமிப்பைத் தசையால் சரிவரப் பயன்படுத்த முடியாது. எரிபொருள் கிடைக்காத தசைநார் இறுகிச் சிதைகிறது.

இந்த மரபணு மாற்றம் இருபதுக்கு மேற்பட்ட இனங்களில் காணப்படுகிறது. பெல்ஜியன், பெர்ச்செரான் போன்ற கனத்த வண்டிக் குதிரைகளில் மிக அதிகம். பந்தயத்துக்கான தரப்ரெட் இனத்தில் மிக அரிது. தரப்ரெட் குதிரைகளைத் தாக்குவது இரண்டாவது வகை. தசைச் செல்லுக்குள் கால்சியம் வெளியாகி மீண்டும் உள்ளே சேரும் ஒழுங்கு குலைவதால் வருவது என்று இதை ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். பந்தயப் பயிற்சியில் இருக்கும் தரப்ரெட்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை இதற்கு ஆளாகின்றன. வயது குறைந்த, பதற்ற சுபாவமுள்ள பெண் குதிரைகளே அதிகம். தானியம் மிகுந்த தீவனமும், லாயத்தில் அடைந்து கிடப்பதும், மனக்கிளர்ச்சியும் சேரும்போது தசை இறுகுகிறது.

இவை தவிர, இம்ப்ரெசிவ் என்ற புகழ்பெற்ற குவார்ட்டர் ஹார்ஸ் பொலிகுதிரையின் வழிவந்தவற்றில் பொட்டாசியம் கூடினால் தசை துடித்துத் தளரும் பரம்பரை நோய் உண்டு. வார்ம்பிளட், அரபுக் குதிரைகளில் தசைநார்களின் உட்கட்டமைப்பே குலையும் வேறொரு நோயும் அறியப்பட்டுள்ளது. ஒவ்வொன்றுக்கும் தீவன முறை வேறு. பொட்டாசியம் நோய்க்குப் பொட்டாசியம் நிறைந்த குதிரைமசாலையும் கரும்புப் பாகையும் ஒதுக்க வேண்டும். உட்கட்டமைப்பு குலையும் நோய்க்கு நல்ல தரமான புரதம் கூடுதலாக வேண்டும். ஆகவே இரத்தப் பரிசோதனை, பிடரிமயிரின் வேரைக் கொண்டு செய்யும் மரபணுச் சோதனை, தேவைப்பட்டால் தசைத் துணுக்குச் சோதனை ஆகியவற்றால் நோய் எது என்று தெரிந்த பிறகே தீவனத்தை மாற்ற வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் குதிரை மருத்துவத்துக்குப் பெயர்பெற்ற இடம் செர்டாங்கிலுள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை.

நகரத்துக் குதிரைகளின் நிலை

1896இல் தொடங்கிய சிலாங்கூர் குதிரைப் பந்தய மன்றம் நெடுங்காலம் ஜாலான் அம்பாங்கில் இருந்தது. அதன் பழைய திடல் இருந்த நிலத்தில்தான் இன்று பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் நிற்கின்றன. மன்றம் சுங்கை பீசிக்கு இடம்பெயர்ந்தது. புக்கிட் கியாராவிலும் புத்ராஜெயாவிலும் சவாரி மையங்கள் உண்டு. இஸ்தானா நெகாரா வாயிலில் குதிரைவீரர்கள் காவல் நிற்பதைச் சுற்றுலாப் பயணிகள் படம் பிடிப்பார்கள். பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்த தரப்ரெட்கள். பரந்த புல்வெளியில் மேய்ந்து வளர்ந்தவை, இங்கே வந்ததும் நாளின் பெரும்பகுதியை லாயத்தில் கழிக்கின்றன. காலையில் ஒரு மணி நேரப் பயிற்சி, பிறகு தொட்டியில் தானியம் என்று வாழ்க்கை மாறிவிடுகிறது.

தசை இறுக்கம் வருவதற்கு ஏற்ற சூழல் இதுதான். மேலைநாடுகளில் வண்டிக் குதிரைகள் இருந்த காலத்தில் இந்த நோயைத் ‘திங்கட்கிழமை நோய்’ என்றார்கள். ஆறு நாள் உழைத்த குதிரைக்கு ஞாயிறன்று ஓய்வு கொடுத்து, தானியத்தை மட்டும் குறைக்காமல் போடுவார்கள். திங்கள் காலை வண்டியில் பூட்டியதும் அது விறைத்து நிற்கும். வண்டிகள் போய்விட்டன, ஓய்வு நாளில் அதே அளவு தானியம் போடும் வழக்கம் பல லாயங்களில் இன்னும் போகவில்லை.

இங்குள்ள புல்லில் எவ்வளவு இனிப்பு?

குளிர்நாட்டுப் புற்கள் மிச்சமாகும் சர்க்கரையை ஃபிரக்டான் என்ற வடிவில் தண்டில் சேர்த்து வைப்பவை. நல்ல வெயிலடித்த பகலுக்குப் பின் குளிர்ந்த இரவு வந்தால் அந்தச் சர்க்கரை செலவாகாமல் அப்படியே தங்கும். வசந்த காலப் புல்லில் அது மிகவும் ஏறிவிடும். அதனால்தான் அந்நாடுகளில் நோயுள்ள குதிரைக்கு வாய்மூடி மாட்டியோ மண் திடலில் அடைத்தோ மேய்ச்சலைக் கட்டுப்படுத்துகிறார்கள்.

நேப்பியர், கினியாப் புல், அருகம்புல், பள்ளித் திடல்களிலும் சாலையோரங்களிலும் படர்ந்திருக்கும் ‘கௌ கிராஸ்’ என்ற அகல இலைப் புல் ஆகியவை வெப்பமண்டல வகையைச் சேர்ந்தவை. இவை ஃபிரக்டான் சேர்ப்பதில்லை; சிறிதளவு மாவுச்சத்தை இலையில் வைக்கின்றன. கோலாலம்பூரில் இரவு வெப்பம் 24 பாகைக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. வெப்பமான இரவில் புல் மூச்சுவிட்டு, பகலில் சேர்த்த சர்க்கரையின் பெரும்பங்கைச் செலவழித்துவிடுகிறது. நோயுள்ள குதிரைக்கான உலர்தீவனத்தில் சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து 10 முதல் 12 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. வெட்டிப் போடும் உள்ளூர்ப் புல் பெரும்பாலும் அந்த எல்லைக்குள் அடங்கிவிடும்.

எல்லை மீறுவது கடல் கடந்து வரும் கட்டுகளில்தான். ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் ஓட்ஸ் பயிரின் உலர்புல் மணமாக இருக்கும். குதிரைகள் விரும்பித் தின்னும். பால் கட்டும் பருவத்தில் அறுத்து உலர்த்தியது என்றால் சர்க்கரை 20 விழுக்காட்டுக்கு மேலும் போகலாம். ‘உலர்புல்தானே, தானியம் இல்லையே’ என்று நினைத்துத் தாராளமாகப் போடுபவர், அறியாமலே சர்க்கரையை அள்ளிப் போடுகிறார். ரோட்ஸ் புல் போன்ற வெப்பநாட்டு வகையின் உலர்புல்லில் சர்க்கரை குறைவு. வாங்குமுன் ஆய்வறிக்கை கேட்பது நல்லது. அறிக்கை இல்லாத கட்டைத் தண்ணீரில் ஊற வைத்துச் சர்க்கரையில் ஒரு பகுதியைக் கரைத்துவிடலாம். சாதாரணத் தண்ணீரில் ஒரு மணி நேரம், வெந்நீரில் அரை மணி நேரம் போதும். ஊறிய நீரைக் கொட்டிவிட வேண்டும். இந்த வெப்பத்தில் அதற்கு மேல் ஊறினால் புளித்துவிடும். ஆகவே ஊற வைத்ததை உடனே போட்டு, மிஞ்சியதை எடுத்துவிட வேண்டும்.

உள்ளூர்ப் புல்லின் குறை

சர்க்கரையில் தப்பினாலும் வெப்பமண்டலப் புல்லுக்கு வேறொரு குறை உண்டு: ஆக்சலேட். செட்டேரியா, நேப்பியர், கினியா வகைகளில் இது அதிகம். வளரும் இளம் புல்லில் இன்னும் அதிகம். புல்லிலுள்ள கால்சியத்தை ஆக்சலேட் பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்ச விடாது. மாதக்கணக்கில் இதுவே உணவானால், உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி இரத்தத்துக்குக் கொடுக்கும். முக எலும்பு வீங்கும், நடை நொண்டும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் இதைப் ‘பெருந்தலை நோய்’ என்கிறார்கள். தசை சுருங்கி விரிய வேண்டுமானால் கால்சியம் சீராகக் கிடைத்தாக வேண்டும். எனவே தசைநோய் உள்ள குதிரைக்கு இந்தக் குறை இரட்டைச் சுமை.

வழி எளியது. முழுத் தீவனத்தையும் நேப்பியராகவோ செட்டேரியாவாகவோ வைக்கக் கூடாது. ரோட்ஸ் உலர்புல்லோடு கலந்து போட வேண்டும். பொட்டாசியம் நோய் இல்லாத குதிரைக்கு நாளுக்கு ஒன்று, ஒன்றரைக் கிலோ குதிரைமசால் கொடுக்கலாம். அதன் எடையில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஒன்றரைக் கிலோவிலேயே கிட்டத்தட்ட 20 கிராம் கிடைக்கும். 500 கிலோ குதிரையின் அடிப்படை நாள்தேவையும் ஏறத்தாழ அவ்வளவுதான். அரைத்த சுண்ணாம்புக்கல் தூளை மருத்துவர் சொல்லும் அளவில் சேர்ப்பதும் உண்டு. மொத்தத் தீவனத்தில் கால்சியம் பாஸ்பரஸைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும்.

பச்சைப் புல்லுக்கு ஒரு பெரிய நன்மையும் உண்டு. தசைச் செல்லின் மேலுறையைக் காக்கும் வைட்டமின் ஈ அதில் நிறைந்திருக்கிறது. உலர்த்தி, கட்டி, மாதக்கணக்கில் கிடங்கில் வைத்த புல்லில் அது வற்றிவிடும். உலர்புல்லை மட்டுமே நம்பும் லாயங்கள் 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு ஆயிரம் முதல் இரண்டாயிரம் அலகு வைட்டமின் ஈ சேர்க்க வேண்டியிருக்கும்.

ஒரு நாள் தீவனம்: ஒரு கணக்கு

கணக்கு குதிரையின் எடையிலிருந்து தொடங்க வேண்டும். எடைமேடை இல்லாத லாயத்தில் அளவு நாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னே மார்பைச் சுற்றிய அளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்க வேண்டும். தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரையுள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை வரும். மார்புச் சுற்றளவு 190, நீளம் 165 என்றால் குதிரை ஏறத்தாழ 500 கிலோ.

நாளொன்றுக்கு உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு விழுக்காடு புல் வேண்டும். ஆனால் அது நீர் நீக்கிய எடைக் கணக்கு. 500 கிலோ குதிரைக்குக் குறைந்தது ஏழரைக் கிலோ. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். வெட்டி வந்த நேப்பியரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர். உலர்பொருள் 18 விழுக்காடு என்று கொண்டால், ஏழரைக் கிலோவுக்கு 42 கிலோ பச்சைப் புல் வேண்டும். அவ்வளவையும் மென்று முடிக்க நாள் போதாது. ஒரு சின்னக் கட்டுப் பச்சைப் புல்லைப் போட்டுவிட்டு, ‘வயிறு நிறையப் போட்டாயிற்று’ என்று எண்ணினால் குதிரை நார்ச்சத்தில் பட்டினி கிடக்கிறது என்று பொருள். அந்தக் குறையைத் தானியத்தால் நிரப்பும்போதுதான் தசை இறுகுகிறது.

நடைமுறைக்கு ஏற்ற கலவை இது: நான்கு கிலோ ரோட்ஸ் உலர்புல், 22 கிலோ வெட்டிய நேப்பியர். உலர்புல்லில் ஏறத்தாழ 3.6 கிலோவும் நேப்பியரில் 4 கிலோவும் உலர்பொருளாகச் சேர்ந்து 7.6 கிலோ ஆகும். இதைக் காலை, நண்பகல், மாலை, இரவு என்று நான்கு வேளையாகப் பிரித்து, கொக்கித் தராசில் வலைப்பையோடு தொங்கவிட்டு நிறுத்துப் போட வேண்டும். கைப்பிடிக் கணக்கும் கட்டுக் கணக்கும் உதவாது. மழையில் நனைந்த கட்டும் வெயிலில் வாடிய கட்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் எடையில் வெகுவாக மாறுபடும்.

மாவுச்சத்துக்குப் பதிலாக எண்ணெய்

புல் மட்டும் போதாத, உழைக்கும் குதிரைக்கு மேற்கொண்டு சக்தி வேண்டும். வழக்கமாக அது ஓட்ஸ், பார்லி, சோளத்திலிருந்து வருகிறது. ஓட்ஸில் 40 விழுக்காட்டுக்கு மேல் மாவுச்சத்து. நோய்க்கு இலக்காகும் குதிரைக்கு ஒரு வேளையில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராம் மாவுச்சத்தே உச்ச எல்லை. 500 கிலோ குதிரைக்கு 500 கிராம். ஒன்றேகால் கிலோ ஓட்ஸிலேயே அந்த எல்லை வந்துவிடும். தரப்ரெட் வகை நோயில் நாளுக்கு இரண்டரைக் கிலோவுக்கு மேல் தானியம் போடும்போது பாதிப்பு கூடுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. பி.எஸ்.எஸ்.எம். குதிரைக்குத் தானியமே வேண்டாம்.

தமிழர் வீடுகளில் குதிரைத் தீவனம் என்றதும் நினைவுக்கு வருவது கொள்ளு. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்ற பழமொழியே இருக்கிறது. அதில் புரதம் 22 விழுக்காடு அளவில் இருந்தாலும், பாதிக்கு மேல் மாவுப்பொருள்தான். பிரிக்ஃபீல்ட்ஸ் மளிகைக் கடையில் வாங்கி அவித்துக் கொடுக்கும் கொள்ளு, உழைக்கும் நல்ல குதிரைக்குத் தீங்கு செய்யாது. தசை இறுகும் குதிரைக்குத் தினசரி உணவாகாது.

மாவுச்சத்து விட்ட இடத்தைக் கொழுப்பு நிரப்பலாம். 400 மில்லிலிட்டர் தாவர எண்ணெயில் ஒரு கிலோ ஓட்ஸுக்குச் சற்று மேலான சக்தி இருக்கிறது. இன்சுலினை அது தூண்டுவதில்லை. ஆய்வுகளில் பலன் தெரிந்தது சோள எண்ணெய், சோயா எண்ணெய், தவிட்டெண்ணெய் போன்ற நீண்ட சங்கிலிக் கொழுப்பமில எண்ணெய்களில். மலேசியச் சமையலறைகளில் புழங்கும் செம்பனை ஒலீனும் அந்த வகையைச் சேர்ந்ததே. தேங்காயெண்ணெயும் செம்பனைப் பருப்பு எண்ணெயும் பெரும்பாலும் நடுத்தரச் சங்கிலி வகை என்பதால் முதல் தேர்வாவதில்லை. நாளுக்கு 50 மில்லிலிட்டரில் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாக ஏற்ற வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் கழியும். குதிரையும் தொட்டியை ஒதுக்கிவிடும். கூடுதல் எண்ணெய் கூடுதல் வைட்டமின் ஈயைக் கேட்கும்: ஒவ்வொரு 100 மில்லிலிட்டருக்கும் குறைந்தது 100 அலகு. கொழுத்த குதிரைக்கு எண்ணெயே தேவையில்லை. அதற்குத் தானியத்தை நிறுத்தி நடையைக் கூட்டினால் போதும்.

தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்கள் சிலாங்கூரின் நெற்களஞ்சியம். அரிசித் தவிட்டில் 15 முதல் 20 விழுக்காடு கொழுப்பு உண்டு என்பதால் அதுவும் ஏற்ற தீவனமே. ஆனால் அரைத்த சில நாட்களிலேயே அதன் எண்ணெய் சிக்கெடுத்துவிடும். வெப்பத்தால் பதப்படுத்திய தவிடே வேண்டும். அதில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. ஆக்சலேட் உள்ள புல்லோடு தவிட்டையும் சேர்த்துக் கொடுத்தால் எலும்புக்கு இரு பக்கமும் இடி. கால்சியம் சேர்க்காமல் தவிடு கொடுக்கக் கூடாது. தேங்காய்ப் பிண்ணாக்கில் மாவுச்சத்து மிகக் குறைவு, கொழுப்பும் நாரும் உண்டு. எனினும் ஈரப்பதம் மிகுந்த கிடங்கில் பூஞ்சை பிடித்து நஞ்சேறும் ஆபத்து இருப்பதால், உலர்ந்த, மணம் மாறாத சரக்காக வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்க்க வேண்டும்.

வியர்வையும் உப்பும்

கடும் உழைப்பில் குதிரை மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வியர்வை விடக்கூடும். மனித வியர்வையைவிடக் குதிரை வியர்வையில் உப்புச்சத்து அதிகம். சோடியம், குளோரைடு, பொட்டாசியம் மூன்றும் வெளியேறுகின்றன. இவை குறைந்தால், பிறவி நோய் இல்லாத குதிரைக்கும் தசை இறுகும். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு நாளொன்றுக்கு 30 கிராம் சாதாரண உப்பு, உழைக்கும் குதிரைக்கு அதைப் போல் இரு மடங்கு என்பது எளிய அளவு. நக்கும் உப்புக்கட்டி மட்டும் போதாது. தீவனத்தில் கலந்து, பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கும்படி வைக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த சில குதிரைகளுக்கு இந்தத் தட்பவெப்பத்தில் வியர்ப்பதே நின்றுவிடும். மூச்சு வாங்கி, உடல் சூடேறி, தோல் மட்டும் உலர்ந்திருந்தால் அது அந்த நோயின் அடையாளம். அத்தகைய குதிரையை வெயிலில் பயிற்றுவிக்கக் கூடாது.

மேய்ச்சல் திடலின் நேரமும் பராமரிப்பும்

ஒரு குதிரை முழுக்க மேய்ச்சலில் வாழ ஒன்று முதல் இரண்டு ஏக்கர் வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் அவ்வளவு நிலம் எந்த லாயத்துக்கும் எளிதில் வாய்க்காது. ஆகவே இங்கே திடலின் முதல் பயன் நடமாட்டம், புல் இரண்டாவது. சிறிய திடலானாலும் நாள்தோறும் பல மணி நேரம் அவிழ்த்து விடுவது தசைக்கு நல்லது.

எந்த நேரத்தில் விடுவது? புல்லில் சர்க்கரை மிகக் குறைவது விடியலுக்குச் சற்று முன். பகல் ஏற ஏற அது கூடி, பிற்பகலில் உச்சம் தொடும். நண்பகலில் கடும் வெயில், பிற்பகலில் பெரும்பாலும் இடிமழை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பின்னிரவு முதல் காலை பத்து மணி வரையே சிறந்தது. ஆனால் அந்தியிலும் விடியலிலும் கொசு போன்ற சிறு பூச்சிகள் கடிக்கும். 2020இல் தாய்லாந்திலும் அதே ஆண்டு மலேசியாவிலும் பரவிய ஆப்பிரிக்கக் குதிரை நோய் அவற்றின் வழியாகவே தொற்றுவது. ஆகவே சூரியன் நன்கு ஏறிய பிறகு, ஏறத்தாழ எட்டு மணி முதல் பத்து மணி வரை மேய விட்டு, மற்ற நேரத்தில் வலையடித்த லாயத்திலோ நிழலுள்ள மணல் திடலிலோ வைப்பது இரண்டுக்கும் இடைப்பட்ட வழி. மழை பொய்த்த வாரங்களில் வாடி நிற்கும் புல்லில் சர்க்கரை தங்கிவிடும். அப்போது மேய்ச்சலைச் சுருக்க வேண்டும்.

ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடத்தில் ஒரே திடலை ஓயாமல் பயன்படுத்தினால் சேறாகிவிடும். நான்கு சிறு பாத்திகளாக வேலி பிரித்து, ஒன்றில் மேய்ந்துகொண்டிருக்கும்போது மற்றவை தேற விட வேண்டும். படரும் புல்லை ஐந்து சென்டிமீட்டருக்குக் கீழும், கினியாப் புல்லை 15 சென்டிமீட்டருக்குக் கீழும் மேய விடக் கூடாது. ஈரவெப்பத்தில் சாணத்திலுள்ள புழு முட்டைகள் ஒரு வாரத்துக்குள் தொற்றும் நிலைக்கு வளர்ந்துவிடுவதால், வாரம் இரண்டு முறையாவது சாணத்தை அள்ள வேண்டும். இங்குள்ள மண் பெரும்பாலும் அமிலத்தன்மை உடையது. சுண்ணாம்பிட்டால் புல் நன்கு பிடிக்கும். யூரியா போட்ட திடலில் மூன்று வாரமாவது குதிரையை விடக் கூடாது. தீவனப் பயிராக நேப்பியர் வளர்ப்பவர்கள் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை அறுத்தால், மிக இளம் புல்லின் ஆக்சலேட்டும் முற்றிய தண்டின் மரத்தன்மையும் இன்றிக் கிடைக்கும்.

கொடுக்கக் கூடாதவை

அடுக்குமாடி வளாகங்களில் இயந்திரத்தால் கத்தரித்துக் குவித்த புல்லைக் கேட்டு வாங்கிவருபவர்கள் உண்டு. அது குவியலிலேயே சூடேறிப் புளித்துவிடும். வயிற்று வலியையும் நஞ்சையும் கொண்டுவரும். சாலையோரப் புல்லிலும் செம்பனைத் தோட்டத்து ஓரப் புல்லிலும் களைக்கொல்லி தெளித்திருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அறுக்கக் கூடாது. தரிசு நிலங்களில் மஞ்சள் பூவோடு வளரும் பொன்னாவரையின் விதைகள் தசையையே அழிக்கும் நஞ்சு. அது உலர்புல் கட்டில் கலந்துவிட்டாலும் ஆபத்து.

எல்லாவற்றையும்விடக் கொடியது கோழித் தீவனம். கோழிக்கு வரும் குடல் நோயைத் தடுக்க அதில் மொனென்சின் போன்ற மருந்து சேர்ப்பார்கள். கோழிக்கும் மாட்டுக்கும் ஒத்துப்போகும் அந்த மருந்து, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் இரண்டு மூன்று மில்லிகிராம் அளவிலேயே குதிரையைக் கொல்லும். பிழைத்தாலும் இதயத் தசை கெட்டுவிடும். கோழித் தீவனத்தையும் குதிரைத் தீவனத்தையும் ஒரே கிடங்கில், ஒரே அள்ளும் பாத்திரத்தில் கையாளக் கூடாது.

நடையும் ஓய்வும்

தீவனம் மட்டும் மாறினால் பலன் பாதிதான். உடற்பயிற்சியே சர்க்கரையையும் கொழுப்பையும் எரிக்கும் நொதிகளைத் தசையில் வளர்க்கிறது. நோய் தணிந்த பி.எஸ்.எஸ்.எம். குதிரைக்குப் புதிய தீவனத்தில் இரண்டு வாரம் பழக்கம் கொடுத்து, பிறகு நாளுக்கு நான்கைந்து நிமிட நடையும் துள்ளோட்டமுமாகத் தொடங்கி, தினமும் இரண்டு நிமிடம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் ஓய்வு கூடாது. விடுமுறையோ பந்தய ஒத்திவைப்போ வந்தால், ஓய்வுக்கு முந்திய இரவே தானியத்தைக் குறைத்து, புல்லின் அளவைக் குறைக்காமல் வைக்க வேண்டும்.

பதற்ற சுபாவமுள்ள தரப்ரெட்டுக்கு அமைதியும் ஒரு மருந்து. மற்றக் குதிரைகளுக்கு முன்பே அதற்குத் தீவனம் வைப்பதும், பழகிய துணைக் குதிரையின் பக்கத்தில் கட்டுவதும், பயிற்சியில் முதல் அணியிலேயே அனுப்புவதும் பலன் தரும். தீபாவளி, சீனப் புத்தாண்டுப் பட்டாசு வெடிக்கும் இரவுகளுக்கு மறுநாள் கடும் பயிற்சி வேண்டாம், மெதுநடை போதும்.

பலனை அளப்பது

மாற்றம் வேலை செய்கிறதா என்பதைக் காட்ட இரத்தச் சோதனை உண்டு. தசை சிதையும்போது சி.கே. என்ற நொதி இரத்தத்தில் ஏறி, நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் உச்சம் தொடும்; ஏ.எஸ்.டி. என்ற மற்றொன்று ஒரு நாளில் உச்சமடைந்து வாரக்கணக்கில் தங்கும். பதினைந்து நிமிட லேசான ஓட்டத்துக்கு முன்னும், நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்தும் சி.கே. அளவு எடுக்கிறார்கள். மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருந்தால், வெளியே அறிகுறி தெரியாவிட்டாலும் தசை உள்ளே சிதைகிறது என்று கொள்ளலாம். எண்ணெய்க்குத் தசை பழகக் குறைந்தது மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் தீவனத்தை மறுபடி மறுபடி மாற்றக் கூடாது. தீவனமும் நாள்தோறும் பயிற்சியும் சேர்ந்து ஒழுங்காக நடந்த பி.எஸ்.எஸ்.எம். குதிரைகளில் சுமார் 70 விழுக்காடு குறிப்பிடத்தக்க அளவில் தேறுகின்றன. நோய் வாழ்நாள் முழுவதும் இருக்கும். புதிய உலர்புல் கட்டு வரும்போதும், பருவம் மாறும்போதும், பயிற்சி கூடும்போதும் குறையும்போதும் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.